ஐந்து சென்ட் நிலமும் இருபது ஆண்டு ஒப்பந்தமும்

நூறு ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று, அதன் பின்னால் ஒரு கட்டு வெள்ளைத்தாள். அத்தனையும் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் தமிழ்க் கையெழுத்து. நோட்டரி முத்திரை இருந்தது, பதிவு எண் இல்லை. தலைப்பு ‘லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம்’. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், டி.கல்லுப்பட்டிக்கு முன்னால், ரோட்டை ஒட்டிய ஐந்து சென்ட் கரிசல் நிலத்தை செல்போன் டவர் வைக்க ஒரு நிறுவனத்துக்கு விட்டு 2009 ஜூனில் எழுதியது. மாதம் 12,000 ரூபாய், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் கூடுதல், காலம் இருபது ஆண்டு.

கையெழுத்துப் போட்டவர் 2014-ல் காலமாகிவிட்டார். 2019 மார்ச்சில் அந்தக் கட்டோடு என்னிடம் வந்தவர் அவருடைய மனைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும். கூடவே ஒரு கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். தொலைத்தொடர்புத் துறையில் கடும் போட்டி, வருமானம் சரிந்துவிட்டது, உங்கள் டவரைப் பகிர்ந்துகொண்டிருந்த ஆபரேட்டர்களில் ஒருவர் விலகிவிட்டார், ஆகவே வாடகை 9,500 ரூபாயாகக் குறைக்கப்படுகிறது, முப்பது நாளில் சம்மதக் கையெழுத்து வராவிட்டால் டவரைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றது கடிதம். அப்போது அவருக்கு வந்துகொண்டிருந்த வாடகை 15,870. ஒப்பந்தப்படி 2018 ஜூனிலேயே அது 18,250 ஆகியிருக்க வேண்டும். அந்த உயர்வைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, அடுத்த கட்டமாகக் குறைப்புக்கு வந்திருந்தார்கள்.

திருத்த ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்த ஏஜென்ட் பையன், “படிக்கிறதுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் போட்டுட்டாங்க, சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்” என்றிருக்கிறான். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, படிக்காமல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது.

கடிதத்தில் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு சின்ன நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 2018 பிப்ரவரி இறுதியில் ஏர்செல் திவால் மனு போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இரண்டு நிறுவனம் ஒன்றானால், ஒரே ஊரில் இரண்டு டவரில் இருந்த ஆன்டெனாக்களில் ஒரு செட் தேவைப்படாது. டவர் நிறுவனங்களின் வருமானம் ஆபரேட்டர்கள் தரும் வாடகைதான். அது குறைந்தபோது அந்தச் சுமையை நிலத்துக்காரர் பக்கம் தள்ளினார்கள். எங்கள் கோர்ட்டிலேயே இதே மாதிரிக் கடிதத்தோடு வேறு சிலரும் வக்கீல்களைத் தேடி வந்துகொண்டிருந்த நேரம் அது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்: டவர் போய்விட்டால் வாடகையும் போய்விடுமே.

டீச்சர் கேட்டது வேறு. “வக்கீல் தம்பி, வாடகைய அப்புறம் பேசிக்கலாம். இவங்க எப்ப போவாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல.”

காரணம் இருந்தது. டவர் நிற்கும் ஐந்து சென்ட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு எண்பது சென்ட் புஞ்சை இருக்கிறது. மகளுக்கு மதுரையில் வீடு வாங்க அதை விற்க நினைத்தார்கள். கல்யாண மண்டபம் கட்டும் யோசனையில் ஒருவர் வந்து பார்த்தார், இடம் பிடித்துப்போனது. டவர் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு வரவில்லை.

நானும் அதைப் படித்தபோது அவர் ஏன் வரவில்லை என்று விளங்கியது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் முப்பது நாள் நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம். நிலத்துக்காரர் இருபது ஆண்டுக்கு முடிவுக்குக் கொண்டுவர முடியாது. டவரில் எத்தனை ஆபரேட்டரை வேண்டுமானாலும் நிறுவனம் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கூடுதல் வாடகை கிடையாது. மீதி நிலத்தின் குறுக்கே பன்னிரண்டு அடிப் பாதையை இருபத்துநாலு மணி நேரமும் பயன்படுத்தலாம். சிக்னலுக்கு மறைப்பாக அந்த எண்பது சென்ட்டில் நிறுவனத்தின் அனுமதியில்லாமல் எதுவும் கட்டக்கூடாது. நிலத்தை விற்பதானால் முதலில் நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும். நிலம் சம்பந்தப்பட்ட வரி எல்லாம் நிலத்துக்காரர் தலையில். தகராறு வந்தால் டெல்லியில் ஆர்பிட்ரேஷன். நடுவரை நியமிப்பது நிறுவனத்தின் அதிகாரி. ஐந்து சென்ட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு எண்பத்தைந்து சென்ட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள். 2009-ல் அந்த வீட்டில் பேரம் நடந்தது 10,000-மா 12,000-மா என்பதைப் பற்றி மட்டும்தான்.

டவர் குத்தகையில் நான் பார்த்த அளவில் எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான். மாத வாடகை கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைப் பேசுவோம். யார் எப்போது விலகலாம், விலகும்போது எதை விட்டுப்போகலாம், இருக்கும்வரை என் மீதி நிலத்தை நான் என்ன செய்யலாம் என்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியாது. நிலத்தின் விலையைத் தீர்மானிப்பது அந்த மூன்றும்தான்.

சட்டப்படி அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-வது பிரிவும் அதையே சொல்கிறது. பதிவாகாத பத்திரத்தின் ஷரத்துகளை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. அப்படியானால் குத்தகையே இல்லையா என்றால், இருக்கிறது. இடத்தை அனுபவித்து மாதாமாதம் வாடகை கொடுத்து வருவதால் அது மாதக் குத்தகை ஆகிவிடும். இட்டூப் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. மாதக் குத்தகையை சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவின்படி பதினைந்து நாள் நோட்டீஸில் முடிக்கலாம். இருபது ஆண்டுப் பூட்டு பதினைந்து நாளில் திறந்துவிடும்.

நிறுவனத்தார் இதை அறியாதவர்கள் அல்ல. அதனால்தான் தலைப்பில் ‘லைசென்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். வெறும் அனுமதி என்றால் பதிவு தேவையில்லை, முத்திரைத் தீர்வையும் பெரிதாக இராது. ஆனால் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. இடத்தின் முழு அனுபவமும் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும். அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் 1959-லேயே வகுத்த அளவுகோல்.

அதைச் சரிபார்க்கத்தான் இடத்துக்குப் போனேன். ஐந்து சென்ட்டைச் சுற்றி முள்கம்பி வேலி, இரும்புக் கேட், பூட்டு. சாவி நிறுவனத்தின் ஆளிடம். நிலத்துக்காரரே உள்ளே போக வேண்டுமானால் அவனைக் கூப்பிட வேண்டும். அது லைசென்ஸ் அல்ல, குத்தகையேதான். ஜெனரேட்டரோ வேலிக்கு வெளியே, எண்பது சென்ட்டுக்குள் நின்றது. ஒப்பந்தத்தோடு வரைபடம் எதுவும் இல்லாததால் எது எல்லை என்று காட்ட அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

அண்ணாந்து பார்த்தால் நிறுவனம் சொன்னதைச் சோதிக்க வழி இருந்தது. ஓர் ஆபரேட்டர் பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று பக்கமாகத் தன் நீளப் பலகை ஆன்டெனாக்களைப் பொருத்தியிருப்பார். எத்தனை உயரத்தில் அப்படி அடுக்கு இருக்கிறது, கீழே எத்தனை கருவிப்பெட்டி இருக்கிறது என்று எண்ணினால் எத்தனை வாடகைதாரர் என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு அடுக்கு இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் வெறும் கம்பி.

டீச்சரிடம் இதைவிட நல்ல ஆதாரம் இருந்தது. டவருக்கு வந்து போகிறவர்களை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். நாள், நேரம், எந்தக் கம்பெனி ஆள், என்ன வேலை. ராத்திரியில் நாய் குரைத்தால் யார் என்று தெரிய வேண்டாமா என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம். பள்ளிக்கூட வருகைப்பதிவேடு போலவே கட்டம் போட்டு, சிவப்பு மையில் மாதம் எழுதிய நோட்டு. 2009-ல் ஓர் ஆபரேட்டரின் ஆட்கள் மட்டும் வந்திருக்கிறார்கள். 2011-ல் இரண்டாவது, 2013-ல் மூன்றாவது. 2018-ல் ஒருவர் நின்றுபோனார். ஆக, கடிதத்தில் சொன்ன விலகல் உண்மை. ஆனால் நோட்டைப் புரட்டிக்கொண்டே டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்:

“ஒண்ணு மூணாச்சு, வாடகை கூடல. மூணு ரெண்டானா மட்டும் ஏன் கொறையணும்?”

எங்கள் வழக்கின் மொத்த வாதமும் அந்த ஒரு வரிதான். லாபத்தில் பங்கு தராதவர் நஷ்டத்தில் பங்கு கேட்க முடியாது.

மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில் வேறு யோசனை சொன்னார். கதிர்வீச்சால் உடல்நலத்துக்குக் கேடு என்று நோட்டீஸ் விட்டால் பயந்துவிடுவார்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல் டவர் கதிர்வீச்சுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். அந்த டவர் அளவை மீறியதென்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. பத்து வருடம் வாடகை வாங்கிவிட்டு வாடகை குறையும்போது கதிர்வீச்சைப் பேசினால் எந்த நீதிபதியும் சிரிப்பார். நல்ல வாதத்தோடு நோஞ்சான் வாதத்தையும் சேர்த்து அனுப்பினால் எதிர்த்தரப்பு நோஞ்சானுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

நோட்டீஸில் முதல் வேலை, யார் பெயரில் அனுப்புவது என்பது. கணவர் உயில் எழுதவில்லை. நிலம் டீச்சருக்கும் மகனுக்கும் மகளுக்கும் சேர்ந்தது. நிறுவனமோ வாடகையை டீச்சர் கணக்கில் போட ஆரம்பித்ததோடு அவரை மட்டுமே உரிமையாளராக எண்ணிக் கடிதம் எழுதியிருந்தது. ஏஜென்ட் கேட்ட கையெழுத்தை அவர் போட்டிருந்தாலும் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தியிருக்காது, அவரை மட்டும் கட்டியிருக்கும். மூவர் சார்பிலும் ஏப்ரலில் நோட்டீஸ் போனது: மாதக் குத்தகை முடிக்கப்படுகிறது, இடத்தைக் காலி செய்து கொடுங்கள், 2018 ஜூன் முதல் நிலுவை உயர்வைக் கட்டுங்கள்.

அனுப்புவதற்கு முன் டீச்சரிடம் தெளிவாகச் சொன்னேன். இது மிரட்டலுக்கு அனுப்பும் காகிதம் இல்லை, அவர்கள் உண்மையிலேயே கழற்றிக்கொண்டு போய்விடலாம், மாதாமாதம் வருவது நின்றுவிடும். “போனாப் போகட்டும். எண்பது சென்ட்டு வித்துப்போகும்ல” என்றார். அந்த வீட்டின் பலம் சட்டப் புத்தகத்தில் இல்லை, அந்தப் பதிலில் இருந்தது.

நிறுவனத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கேரளாவுக்குச் சரக்கு லாரிகள் ஓடும் சாலையின் ஓரத்தில் நின்ற டவர் அது. கழற்றினால் பக்கத்தில் புது இடம் பிடித்து, அஸ்திவாரம் போட்டு, மின் இணைப்பும் கேபிளும் வாங்கி, அதுவரை சாலையில் சிக்னல் விடுபடுவதற்கு மிச்சமிருக்கும் இரண்டு ஆபரேட்டருக்கும் பதில் சொல்ல வேண்டும். மாதம் ஆறாயிரம் ரூபாய் மிச்சப்படுத்த யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

மே மாதத்தில் இருந்து வாடகையை நிறுத்தினார்கள். பதில் நோட்டீஸும் வந்தது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது, டெல்லிக்கு வாருங்கள் என்றது. மாதம் பதினைந்தாயிரம் வாடகை வாங்குபவர் டெல்லியில் வக்கீல் வைக்க முடியாது என்பது அந்த ஷரத்தை எழுதியவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆண்டு சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழான வீட்டுக்காரர்–குடித்தனக்காரர் தகராறுகள் ஆர்பிட்ரேஷனுக்குப் போக முடியாது என்று ஹிமாங்னி வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்கும் மேலே முத்திரைத்தாள் இருந்தது. போதிய முத்திரைத் தீர்வை கட்டாத பத்திரத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் ஷரத்தை, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் கையிலெடுக்காது என்று எஸ்.எம்.எஸ். டீ எஸ்டேட்ஸ் வழக்கில் 2011-ல் வந்த தீர்ப்பு. 2019 ஏப்ரலில் கார்வேர் வழக்கில் அதை மீண்டும் உறுதி செய்திருந்தார்கள்.

நூறு ரூபாய் பத்திரத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிந்தது. அந்த ஒப்பந்தப்படி இருபது ஆண்டு வாடகையைக் கூட்டினால் 44 லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகைக்கு முத்திரைத் தீர்வை, குறைந்த தீர்வைக்குப் பத்து மடங்கு வரை அபராதம். குத்தகைப் பத்திரத்தில் தீர்வை கட்ட வேண்டியவர், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், குத்தகைதாரர்தான் என்று முத்திரைச் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. டீச்சருடைய ஒரு பத்திரத்துக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் அதே அச்சில் அடித்த ஒப்பந்தங்கள் அவர்களிடம் ஊருக்கு ஊர் இருந்தன. எந்த நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுத்தில் வருவதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்று கணித்தேன்.

வழக்கு வணிகத் தகராறு என்பதால், தாவா போடுவதற்கு முன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்கு விண்ணப்பித்தோம். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 12-ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது. எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிடலாம். சென்னையிலிருந்து அவர்களுடைய லீகல் மேனேஜரும் வக்கீலும் வந்தார்கள். வந்ததே பாதிப் பதில்.

அவர்களுடைய வக்கீல் கெட்டிக்காரர். முதல் கேள்வியே எங்கள் பலவீனத்தில் விழுந்தது. “பதிவாகாத பத்திரம் செல்லாது என்கிறீர்கள். அப்படியானால் 15 சதவீத உயர்வும் அந்தப் பத்திரத்தில்தானே இருக்கிறது? அதை மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. பத்திரத்தைத் தூக்கி எறிந்தால் இரண்டு பக்கத்துக்கும்தான் எறிய வேண்டும். எங்களிடம் இருந்த பதில், நிறுவனமே 2012-லும் 2015-லும் அந்த உயர்வைக் கொடுத்திருக்கிறது என்பது. வங்கிக் கணக்கு அதைக் காட்டியது. 15,870 ஆனபோது ஆண்டு வாடகை அப்போதைய வரம்பான 1,80,000 ரூபாயைத் தாண்டியதால் வாடகைக்கான 194-ஐ பிரிவில் 10 சதவீதம் வரி பிடித்திருந்தார்கள். டீச்சருடைய 26ஏஎஸ் படிவத்தில் அதுவும் பதிவாகியிருந்தது. நடைமுறையில் இருந்து ஒப்பந்தத்தை ஊகிக்கலாம் என்று வாதாடலாம், ஆனால் ஜெயிப்போம் என்று சத்தியம் செய்ய முடியாது. நிலுவையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே டீச்சர் காதில் போட்டுவைத்தேன்.

இரண்டாவது வாதம்: லைசென்ஸ் என்றே வைத்துக்கொண்டாலும், அதை நம்பி நிலையான கட்டுமானம் எழுப்பியவரை வெளியேற்ற முடியாது, வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு பாருங்கள். பார்த்தேன். அவர்களுடைய ஒப்பந்தத்தையும் பார்க்கச் சொன்னேன். டவர் போல்ட்டில் நிற்பது, எப்போது வேண்டுமானாலும் கழற்றி எடுத்துச்செல்லக்கூடியது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்தத் துறையே அப்போது வரி வழக்குகளில் டவர் அசையும் பொருள் என்று வாதாடிக்கொண்டிருந்தது. 2014-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது, 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், சொத்துவரிக்கு டவரும் ‘கட்டடம்’தான் என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வரிச்சலுகை கேட்கும்போது அசைகிற டவர், நிலத்துக்காரர் காலி செய்யச் சொன்னால் மட்டும் வேர்விடுமா என்று கேட்டேன். சமரசர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு ஷரத்துகளுக்கு இறங்கியது.

நான் வாடகையைக் கடைசிக்கு ஒதுக்கினேன். முதலில் எல்லை. சர்வேயரை வைத்து ஐந்து சென்ட்டை அளந்து வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்ப்பது, ஜெனரேட்டரை வேலிக்குள் நகர்த்துவது, குறுக்கே போகும் பாதையை நிலத்தின் ஓரத்துக்கு மாற்றுவது. எண்பது சென்ட்டுக்கு அதனால் ரோட்டு முகப்பு திரும்பக் கிடைத்தது. மீதி நிலத்தில் கட்டக்கூடாது என்ற ஷரத்தும், விற்றால் முதலில் எங்களுக்குச் சொல் என்ற ஷரத்தும் நீங்கின. இதற்கெல்லாம் லீகல் மேனேஜர் பெரிதாக எதிர்ப்புச் சொல்லவில்லை. யாரும் இதுவரை கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது விலகுவது. இருபது ஆண்டுக்குப் பதில் ஒன்பது. முதல் மூன்று ஆண்டு இரண்டு பக்கமும் விலக முடியாது. பிறகு இரண்டு பக்கமும் ஆறு மாத நோட்டீஸ். போகும்போது டவரை மட்டுமல்ல, காங்கிரீட் அஸ்திவாரத்தையும் தோண்டி எடுத்து மண் நிரப்ப வேண்டும்; அது முடியும் நாள்வரை வாடகை ஓடும். மின் இணைப்பில் பாக்கி இல்லை என்ற சான்றும் தர வேண்டும். அஸ்திவார ஷரத்துக்குத்தான் அதிகம் இழுத்தார்கள். கரிசல் மண்ணில் அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கியிருந்தார்கள். அதைத் தோண்டும் செலவு யாருடையது என்று பத்திரம் சொல்லாவிட்டால் கடைசியில் அது நிலத்துக்காரர் தலையில் விழுந்துவிடலாம்.

“கம்பெனியே மூழ்கிட்டா?” என்று டீச்சர் கேட்டார். ஏர்செல் போனது எல்லோருக்கும் நினைவில் இருந்த காலம். திவால் சட்டத்தின் 14-வது பிரிவின்படி தடைக்காலம் தொடங்கிவிட்டால், நிறுவனத்தின் அனுபவத்தில் இருக்கும் இடத்தை உரிமையாளர் மீட்க முடியாது, பழைய பாக்கிக்கு மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதற்கு எந்த ஷரத்தும் முழு மருந்தாகாது. கையில் இருக்கும் அட்வான்ஸ்தான் பாதுகாப்பு. ஆறு மாத வாடகை அட்வான்ஸ் கேட்டு வாங்கினோம்.

புது ஆபரேட்டர் வந்தால் தலைக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதல். டவரால் வரும் எந்த வரியும் நிறுவனத்துக்கு. டெல்லி ஆர்பிட்ரேஷன் போய் மதுரை நீதிமன்றம் வந்தது. பதிவுச் செலவு முழுக்க அவர்களுடையது. ஒன்பது ஆண்டு வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் நூற்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை, அதோடு பதிவுக் கட்டணம், எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்துச் சொச்சம்தான்.

கடைசியில்தான் வாடகைக்கு வந்தோம். ஒப்பந்தக் கணக்கு 18,250, அவர்கள் கடிதம் 9,500. 16,500-ல் முடிந்தது, மூன்று ஆண்டுக்கு 15 சதவீத உயர்வு அப்படியே. நிறுத்திவைத்த வாடகை முழுதும் வந்தது. 2018 முதலான உயர்வு நிலுவையில் பாதி. மகனுக்கு வருத்தம்தான், மாதம் 1,750 ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டார். டீச்சர் அவரைப் பார்த்து, பாதை ஓரத்துக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று கேட்டார். அக்டோபரில் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்கு உரிய அதே பலம் சட்டத்தில் உண்டு. அடுத்த மாதம் புதுக் குத்தகைப் பத்திரம் மூவர் கையெழுத்தோடு பதிவானது.

இன்று இதே கட்டோடு ஒருவர் வந்தால் எல்லா வாதத்தையும் அப்படியே எடுக்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழான குத்தகைத் தகராறும் ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம் என்று வித்யா ட்ரோலியா வழக்கில் 2020 டிசம்பரில் முடிவாகிவிட்டது. முத்திரைத் தீர்வைக் குறையைக் காட்டி ஆரம்பத்திலேயே ஆர்பிட்ரேஷனைத் தடுப்பதும், 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு நடக்காது. அந்தக் கேள்வி இப்போது நடுவர் முன்னால்தான். அதற்கு ஈடாக, தன் வழக்குக்குத் தானே ஒற்றை நடுவரை நியமிக்கும் ஷரத்து செல்லாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019 நவம்பரில், நாங்கள் பத்திரம் பதிந்த அதே மாதம், தீர்ப்பு வந்தது. டவர் அசையும் பொருள் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமோ, டவர் அது நிற்கும் நிலத்திலிருந்து தனியானது, நிலத்தின் மீதான எந்த வில்லங்கமும் அதைத் தொடாது என்கிறது. நிலத்துக்காரர் இடம் தர மறுத்தாலும், பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால் மத்திய அரசு தலையிட இடம் வைத்திருக்கிறது. பதிவுக்கான விதி மட்டும் 1908-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே சண்டைக்கான ஆயுதங்களைவிட, கையெழுத்துக்கு முன் பேசும் பேச்சுக்கு இப்போது மதிப்பு அதிகம்.

டீச்சரின் எண்பது சென்ட் 2021-ல் விற்றது. வாங்க வந்தவரின் வக்கீல் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். பழைய ஒப்பந்தம் அதில் ஒருநாளும் தெரிந்ததில்லை. புதுக் குத்தகை, பதிவானதால், நிலத்தின் பெயரிலேயே வந்து நின்றது. அது விற்பனையைக் கெடுக்கும் என்று மகன் பயந்தார். அந்த வக்கீல் பத்திர நகலை வாங்கிப் படித்தார். டவர் எவ்வளவு இடத்தில் இருக்கிறது, பாதை எங்கே போகிறது, எப்போது கிளம்பும், கிளம்பும்போது எதைத் தோண்டி எடுக்கும் என்று எல்லாம் அளவோடு இருந்தது. விலையில் டவரைக் காட்டி ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.